வீட்டில் எழுதிய சிடி ஏன் மங்கி ஒலிக்கிறது?

வீட்டுக் கணினியில் எழுதிய பாட்டு சிடி மட்டமாக ஒலித்தால் பெரும்பாலோர் முதலில் குறை சொல்வது வட்டைத்தான். மலிவு வட்டு, வேகமாக எழுதிவிட்டோம், எழுதும் கருவி பழசு என்று காரணங்கள் வரும். அடுத்த முறை விலை கூடிய வட்டு வாங்கி, 52 மடங்கு வேகத்தை 8 மடங்காகக் குறைத்து எழுதிப் பார்ப்பார்கள். பாட்டு அதே மங்கலோடு ஒலிக்கும். சிடியில் ஒலி எப்படிப் பதிகிறது என்று பார்த்தால் இதற்கான விளக்கம் கிடைக்கும். பழுதான வட்டு சொடுக்கும், விக்கும், தாவும், பாதியில் நின்றுபோகும். ஒரு பாட்டை முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை ஒரே சீராக மங்க வைக்கவோ, அதன் பேஸைச் சுரண்டி எடுக்கவோ, குரலுக்குப் பின்னால் இரைச்சல் சேர்க்கவோ வட்டால் இயலாது. அப்படிப்பட்ட குறை காதில் விழுந்தால், பாட்டு வட்டை அடையும் முன்பே கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். கேட்கும் குறையின் வகையே அது எங்கே நேர்ந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

1980-இல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த விதித்தொகுப்புக்குச் சிவப்புப் புத்தகம் என்று பெயர். அதன்படி ஒலி அலையின் உயரம் வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் கொண்ட ஓர் எண். -32,768-க்கும் 32,767-க்கும் இடையில் ஏதேனும் ஒன்று. இடது, வலது இரண்டையும் சேர்த்தால் வினாடிக்கு 14,11,200 பிட். மனிதக் காது எட்டும் உச்சம் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்குக்குச் சற்று மேலாக அளந்துவிட்டால், அந்த எல்லைக்குள் அடங்கும் அலையை முழுமையாகத் திரும்பப் பெறலாம் என்பது கணிதம் தரும் உறுதி. ஆக, வட்டில் இருப்பது எண்களின் நீண்ட வரிசை. ஒரு பிட் தவறினால் ஓர் எண் மாறும். மாறியது கடைசிப் பிட் என்றால் யாருக்கும் கேட்காது. முதல் பிட் என்றால் அலை ஒரு கணம் எகிறி விழும், ‘டப்’ என்று ஒரு சொடுக்கு கேட்கும். ட்ரெபிள் குறைய வேண்டுமானால் கதை வேறு. அடுத்தடுத்து வரும் ஆயிரக்கணக்கான எண்கள் ஒவ்வொன்றும், தன் அண்டை எண்களோடு பொருந்தும் ஒரு சூத்திரப்படி மாற வேண்டும். அதுவும் பாட்டு முழுக்க, ஓரிடம் தவறாமல் மாற வேண்டும். தூசியும் கீறலும் சாயக்குறையும் இப்படி ஒழுங்காகக் கணக்குப் போட்டு எண்களைத் திருத்துவதில்லை. ஒலிநாடாவில் நிலைமை நேர்மாறு. அங்கே நாடா தேய்ந்தால் ஒலியும் அதே அளவு தேயும். கேசட்டோடு வளர்ந்த தலைமுறை அந்த அனுபவத்தைச் சிடிக்கும் பொருத்திப் பார்ப்பது இயல்பு. ஆனால் அது பொருந்தாது.

பிட் தவறுவது எப்போதாவது நடக்கும் விபத்தும் அல்ல. சிடியை வடிவமைத்தவர்கள் அதை அன்றாட நடப்பாகவே எதிர்பார்த்தார்கள். 1960-இல் இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் வெளியிட்ட பிழைதிருத்தக் கணிதம் இங்கே இரண்டு அடுக்காக இயங்குகிறது. ஒலிக்குரிய ஒவ்வொரு 24 பைட்டோடும் 8 பைட் சரிபார்ப்புத் தகவல் சேர்க்கப்பட்டு ஒரு சட்டமாக (ஃபிரேம்) எழுதப்படுகிறது. அது மட்டும் போதாது என்பதால், அடுத்தடுத்து ஒலிக்க வேண்டிய எண்களை வட்டில் அடுத்தடுத்து வைப்பதில்லை. வீட்டு நகை முழுவதையும் ஒரே பெட்டியில் பூட்டாமல் பல இடங்களில் பிரித்து வைப்பது போல, அவை நூற்றுக்கும் மேற்பட்ட சட்டங்களில் சிதறடித்து எழுதப்படுகின்றன. ஓரிடத்தில் விழும் கீறல் எந்த ஒரு தொகுப்பையும் மொத்தமாக அழித்துவிடுவதில்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகவே கிள்ளுகிறது, கிள்ளியதைக் கணிதம் மீட்டுவிடுகிறது. தடத்தின் நீளவாக்கில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் வரை தொடர்ச்சியாக அழிந்தாலும் அசல் எண்கள் பிசகாமல் திரும்பக் கிடைக்கும். வினாடிக்கு ஓடும் 7,350 சட்டங்களில் சராசரியாக 220 சட்டங்கள் வரை பிழையோடு இருக்கலாம் என்று தரவிதியே இடம் தருகிறது. அந்த அளவு பிழையுள்ள வட்டிலிருந்தும் கேட்பவருக்கு வந்துசேர்வது அசல்தான்.

திருத்த முடியாத அளவுக்குச் சேதம் போனால், கருவி தொலைந்த எண்ணின் இருபுறமும் உள்ள எண்களைப் பார்த்து நடுவில் ஒன்றை மதிப்பிட்டு நிரப்புகிறது. அதுவும் முடியாவிட்டால் ஒரு கணம் ஒலியை அடக்கிவிடுகிறது. இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மதிப்பிட்டு நிரப்பும்போது அலையின் கூர்மை மழுங்குமே, ட்ரெபிள் குறைவது அதனால்தானா? மதிப்பீடு நடக்கும் அந்தக் கணத்தில் கூர்மை மழுங்குவது உண்மைதான். ஆனால் ஒரு பாட்டு நெடுகக் காதுக்குத் தெரியும்படி அது நடக்க வேண்டுமென்றால், வட்டின் பெரும்பகுதி திருத்த எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட வட்டில் சொடுக்கும் தாவலும் இல்லாமல் மங்கல் மட்டும் தனியே வராது. வட்டின் சீரழிவு சரிவு போல மெல்ல இறங்குவதில்லை; நெடுநேரம் எதுவும் தெரியாமல் இருந்து, ஓர் எல்லையில் சட்டென்று முறிகிறது.

அச்சடித்த சிடியில் குழிகள் இருக்கும். வீட்டில் எழுதும் வட்டில் அவற்றின் வேலையைச் சாயம் செய்கிறது. லேசர் சுட்ட இடத்தில் சாயம் நிறம் மாறி, படிக்கும் கதிர் திரும்பும் அளவைக் குறைக்கிறது. எழுதியது சரியில்லை என்றால், குறிகளின் விளிம்புகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சற்று நகர்ந்து பிழைகள் பெருகும். வட்டு உள்ளிருந்து வெளிப்பக்கமாக எழுதப்படுவதால், ஓரத்தில் விழும் கடைசிப் பாட்டுகளில்தான் பெரும்பாலும் தொந்தரவு தொடங்கும். காகித லேபிள் ஒட்டிய வட்டு, சமநிலை தவறிச் சுழல்வதால் அங்கே இன்னும் தடுமாறும். அழித்து எழுதும் வகை வட்டு திருப்பி அனுப்பும் ஒளி அச்சடித்த சிடியின் மூன்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. பழைய பிளேயர்கள் அதைப் படிக்கவே மறுப்பதற்குக் காரணம் இதுதான். ஆக, சொடுக்கும் தாவலும் கேட்டால், கடைசிப் பாட்டுகள் மட்டும் விக்கினால், ஒரு பிளேயரில் ஓடி இன்னொன்றில் ஓடாவிட்டால், அப்போது வட்டையும் எழுதும் வேகத்தையும் பிளேயரின் லென்ஸையும் சந்தேகிப்பது முறை. நடுத்தர வேகத்தில், வேறு வட்டில் எழுதிப் பார்ப்பது அப்போதுதான் பயன் தரும்.

மங்கலுக்குத் திரும்புவோம். வீட்டு சிடிகளில் மிக அதிகமாகக் காணப்படும் குறை அதுதான். அதற்கு மிக அதிகமாகக் காரணமாக இருப்பது எம்.பி.3. காதுக்குக் கேட்காதவற்றை எறிந்துவிட்டுக் கோப்பைச் சுருக்கும் முறை இது. உரத்த ஒலி ஒன்று அருகிலிருக்கும் மெல்லிய ஒலியை மறைத்துவிடும் என்ற செவிப்புலன் உண்மையை அது நம்பியிருக்கிறது. 128 கிலோபிட் வேகத்தில் சுருக்கினால் அசலின் தகவலில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த வேகத்தில் பல சுருக்கிகள் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை மொத்தமாக வெட்டிவிடுகின்றன. அதற்குக் கீழும், மிருதங்கத்தின் திடீர் வீச்சுக்கு முன்னால் ஒரு மெல்லிய சிதறல் ஒட்டிக்கொள்கிறது. ஜால்ராவின் மினுக்கம் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல அலைகிறது. கைத்தட்டல் இரைச்சலாகக் குழைகிறது. இந்தக் கோப்பைப் பாட்டு சிடியாக எழுதும்போது மென்பொருள் அதை விரித்து, மறுபடி வினாடிக்கு 14 லட்சம் பிட்டாக ஆக்குகிறது. அளவு பழைய நிலைக்கு வந்துவிட்டது, எறிந்தது வரவில்லை. பின்னர் யாரோ அந்தச் சிடியிலிருந்து மீண்டும் எம்.பி.3 எடுத்துப் பகிர்கிறார்கள். அதை இன்னொருவர் 320 கிலோபிட்டில் மாற்றி வைத்துக்கொள்கிறார். எண் பெரிதாகத் தெரிகிறது. உள்ளே இருப்பது இரண்டு மூன்று முறை வடிகட்டிய மிச்சம். பெயரிலிருக்கும் எண்ணை நம்பக் கூடாது. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, அதிர்வெண் வரைபடமாகப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பாட்டு முழுக்க 16,000 ஹெர்ட்ஸில் அரிவாளால் சீவியது போல நேர்கோடு தெரிந்தால், அந்தக் கோப்பு ஒருமுறையாவது கடுமையாகச் சுருக்கப்பட்டது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். கேசட்டிலிருந்து எடுத்த பதிவில் உச்சம் படிப்படியாகத்தான் மறையும், கோடாக நிற்காது.

கேசட்டிலிருந்தும் இசைத்தட்டிலிருந்தும் எடுக்கும்போது நேரும் தவறுகள்தான் எனக்கு அதிகக் கவலை தருபவை. ஊர்த் திருவிழாவில் பதிந்த நாதசுரமும் இப்போது இல்லாத பெரியவர்களின் குரலும் அந்த நாடாக்களில் இருக்கின்றன. பலர் சிடியில் ஏற்றிய கையோடு நாடாவை எறிந்துவிடுகிறார்கள். மடிக்கணினியில் லைன்-இன் துளை இல்லையென்று மைக் துளையில் செருகுவது பரவலான தவறு. மைக் துளை மில்லிவோல்ட் அளவு சமிக்ஞைக்காக அமைக்கப்பட்டது; டெக்கிலிருந்து வரும் சமிக்ஞை அதைவிடப் பல மடங்கு பெரிது. அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். பல மடிக்கணினிகளில் அந்தத் துளை ஒற்றைத் தடம் என்பதால் ஸ்டீரியோவும் போய்விடும். இதற்கு அஞ்சி அளவை மிகவும் தாழ்த்திப் பதிந்தால் வேறு இழப்பு. ஒவ்வொரு பிட்டும் ஏறக்குறைய 6 டெசிபெல் மதிப்புடையது. உச்சத்துக்கு 30 டெசிபெல் கீழே பதிந்தால் ஐந்து பிட் வீணாகும். பிறகு மென்பொருளில் உயர்த்தும்போது ஒலி அட்டையின் இரைச்சலும் சேர்ந்து உயரும். அடியில் ‘ம்ம்’ என்று ஓயாத ஓசை கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஓசை. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பதிந்தாலே பல நேரங்களில் அது போய்விடும். கேசட் ஒலி மங்கினால் டெக்கின் ஹெட் சற்றுச் சாய்ந்திருக்கக்கூடும். நாடாவின் ஓட்டத்துக்கு ஹெட்டின் இடைவெளி செங்குத்தாக நிற்காவிட்டால் உச்ச ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்து, சாய்வுத் திருகைக் காதால் கேட்டபடி சரிசெய்தால், மங்கிப்போனதாக எண்ணிய நாடாவில் எவ்வளவு ஒலி மிச்சமிருக்கிறது என்று வியப்பு வரும். இசைத்தட்டுக்கு வேறொரு பொறி உண்டு. அதை வெட்டும்போதே பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டி வெட்டுகிறார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இதற்கான ஃபோனோ பெருக்கி இல்லாமல் நேரே கணினியில் செருகினால், அடியொலி 20 டெசிபெல் வரை குறைந்து, சன்னமான கீச்சுக்குரல்தான் பதியும்.

சொடுக்குகள் எல்லாமே வட்டுக் குற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டாம் முறை வேறு வட்டில் எழுதியும் அதே பாட்டின் அதே இடத்தில் சொடுக்கு வந்தால், அது கோப்பிலேயே இருக்கிறது. பாட்டின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டும் வந்தால், கோப்பில் ஒட்டியிருக்கும் தலைப்புத் தகவலை மென்பொருள் ஒலியாக நினைத்து எழுதியிருக்கக்கூடும். நிறுத்தமில்லாமல் ஓடும் கச்சேரியைப் பல பாட்டுகளாக வெட்டினால் இணைப்புகளில் வரும் சொடுக்குக்குக் காரணம் இன்னொன்று. சிடியில் ஒலி 588 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகத்தான் எழுதப்படும். துண்டு ஒன்று வினாடியில் 75-இல் ஒரு பங்கு. வெட்டிய இடம் இந்தக் கணக்கில் முழுமையாக விழாவிட்டால், மீதி இடம் மௌனத்தால் நிரப்பப்பட்டு, ஓடிக்கொண்டிருந்த அலை திடீரென்று அறுகிறது. துண்டு எல்லையில் வெட்டி, வட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் முறையைத் தேர்ந்தால் போதும்.

ஒலிப்பித்தர்கள் இதற்கெல்லாம் ஒப்ப மாட்டார்கள். மெதுவாக எழுதிய சிடி இனிமையாக ஒலிக்கிறது, கறுப்பு வட்டில் ஆழம் கூடுகிறது என்று உறுதியாகச் சொல்வோர் உண்டு. அவர்களை எளிதாக ஒதுக்க முடியாது, ஏனென்றால் யமஹா போன்ற நிறுவனமே 2000-களின் தொடக்கத்தில், வட்டை அதிக நேர்வேகத்தில் ஓட்டிக் குறிகளை நீளமாக எழுதும் வசதியை இசைப் பதிவுக்கென்று தன் கருவிகளில் கொண்டுவந்தது. 74 நிமிட வட்டில் 63 நிமிடம்தான் அப்போது கொள்ளும். நீளமான குறியைப் படிப்பது எளிது என்பதும், விளிம்புகளின் நடுக்கம் குறையும் என்பதும் உண்மை. ஆனால் பிளேயர், படித்த எண்களை முதலில் ஒரு நினைவகத்தில் தேக்கி, தன் படிகக் கடிகாரத்தின் தாளத்தில்தான் வெளியே விடுகிறது. எண்கள் சரியாக வந்துசேர்ந்த பின், வட்டில் குறிகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தன என்ற செய்தி முறையாக வடிவமைத்த கருவியில் ஒலிவரை போவதில்லை. சர்ச்சையைத் தீர்க்க ஒரு சோதனை இருக்கிறது. அதை எவரும் வீட்டிலேயே செய்யலாம். எழுதிய சிடியிலிருந்து எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளால் பாட்டைத் திரும்ப எடுங்கள். எழுதப் பயன்படுத்திய கோப்போடு எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கருவியும் சில நூறு மாதிரிகள் முன்பின்னாகத் தொடங்கும் என்பதால் அந்த நகர்வை மட்டும் சரிசெய்துகொள்ள வேண்டும். மற்றவை எல்லாம் ஒன்றாக இருந்தால், மலிவு வட்டிலும் கறுப்பு வட்டிலும் இருப்பது ஒரே பாட்டு. அதன் பிறகும் வேறுபாடு கேட்கிறது என்றால், எது எந்த வட்டு என்று தெரியாமல், ஒலியளவைச் சமமாக வைத்து, வேறொருவர் மாற்றி மாற்றிப் போடக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டெசிபெல் கூடினாலே அந்த ஒலி செழுமையானதாகத் தோன்றும். சிடி எழுதும் மென்பொருள் பலவற்றில் எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் விருப்பத்தேர்வு இருக்கிறது. அதை அணைக்காமல் எழுதிய படியும் அசலும் வேறாக ஒலிப்பதற்கு வட்டைக் காரணம் காட்ட முடியாது.

எண்கள் அனைத்தும் ஒன்றாக இருந்தும் படி மட்டும் வேறாக ஒலிக்கும் உண்மையான நிகழ்வு ஒன்று இருக்கிறது. 1980-களில், குறிப்பாக ஜப்பானில் வந்த சில சிடிகள் ட்ரெபிளை 10 டெசிபெல் வரை தூக்கிப் பதியப்பட்டவை. கேட்கும்போது அதைத் தணிக்கும்படி பிளேயருக்குச் சொல்லும் ஒரு கொடி, ஒலியோடு ஓடும் துணைத்தகவலில் வைக்கப்பட்டிருந்தது. கணினியில் எடுக்கும்போது ஒலி வந்துவிடும். கொடி பெரும்பாலும் விடுபட்டுப்போகும். அப்படி எழுதிய படி காதைக் குத்தும்படி கூர்மையாக ஒலிக்கும். அசலும் படியும் வேறு என்று சொன்னவர் இங்கே சரியாகவே கேட்டிருக்கிறார். ஆனால் இதிலும் பிழை நேர்ந்தது வட்டில் அல்ல, கணினியில் எடுக்கும் கட்டத்தில். கொடியோடு சேர்த்து எழுதினாலோ, மென்பொருளால் ட்ரெபிளைத் தணித்து எழுதினாலோ மலிவு வட்டிலும் அசல் ஒலி கிடைத்துவிடும்.

இதுவரை வட்டின் பக்கம் பேசியது, எழுதிய புதிதில் அதன் நிலை பற்றியது. ஆண்டுகள் போகப் போகச் சாயம் ஒளியிலும் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைகிறது. வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் கிடக்கும் வட்டுக்கு இது வேகமாக நடக்கும். பெயர் எழுதும் மேல்பக்கத்தில் பிரதிபலிக்கும் உலோகத்துக்கு மேலே மெல்லிய பூச்சுதான் உண்டு, ஆகவே அங்கே விழும் கீறல் அடிப்பக்கக் கீறலைவிட மோசமானது. 2003-இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட பராமரிப்புக் கையேடு, ஒட்டு லேபிளைத் தவிர்க்கவும் வெயில் படாமல் நிமிர்த்தி வைக்கவும் சொல்கிறது. பிழைதிருத்தத்தின் சிறப்பே இங்கே ஆபத்தாக மாறுகிறது. வினாடிக்கு 20 பிழையிலிருந்து 200 பிழைக்கு வட்டு நலிந்தாலும் காதுக்கு ஒரே ஒலிதான். நலிவு தெரியும் நாளில் முறிவும் வந்துவிடும். ஆகவே நன்றாக ஒலிக்கும்போதே அவ்வப்போது கணினியில் முழுவதும் படித்து, பிழை எண்ணிக்கை காட்டும் மென்பொருளால் சோதிப்பது நல்லது. காக்க வேண்டிய பதிவு என்றால், பாட்டு சிடியாக எழுதாமல் ஃபிளாக் போன்ற இழப்பில்லாக் கோப்பாகத் தரவு வட்டில் எழுதலாம். தரவு வட்டின் ஒவ்வொரு 2,352 பைட் துண்டிலும் 276 பைட் மூன்றாம் அடுக்குத் திருத்தத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது, பாட்டு சிடிக்கு அந்தக் காப்பு இல்லை. 80 நிமிடப் பாட்டு கொள்ளும் வட்டில் 700 மெகாபைட் தரவுதான் கொள்ளும் என்பதற்குக் காரணமும் இந்தக் காப்புதான். ஒரு நகலை வன்வட்டிலும் வைத்துக்கொண்டு, கேசட்டை உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். முதல் முறை மைக் துளையில் செருகி எடுத்தது கரகரப்பாகவே இருந்துவிட்டாலும், நாடா கையில் இருந்தால் ஹெட்டைச் சரிசெய்த டெக்கில், சரியான துளையில் செருகி மறுபடி எடுக்கலாம்.